தூக்கிவிடும் பொத்தான்

புது விளையாட்டு வெளியான ஞாயிற்றுக்கிழமை மதியம் லீடரின் அறையில் மூன்று பேர் இருந்தோம்: லீடர், ஆனேக்கல்காரன், நான். அக்கா இல்லை. அவருடைய கம்பெனியில் அன்று ஓவர்டைம். ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் ஹாஸ்டலுக்குப் போய், முகம் கழுவி, இயர்போனைக் காதில் மாட்டினால்தான் அக்கா வந்துவிட்டார் என்று அர்த்தம். அதுவரைக்கும் யாரும் புது விளையாட்டைத் திறக்கக் கூடாது என்று லீடர் சொல்லிவிட்டார். மூன்று போன்களிலும் அது இறங்கி முடிந்து தயாராக இருந்தது. ஆனேக்கல்காரனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

“ஒரே ஒரு மேட்ச் லீடரே. ட்ரையலு மாத்ரா. ப்ளீஸ் குரு.”

“கை வெச்சீனா போனப் புடுங்கி அரிசி டப்பாவுல போட்ருவேன்.”

“அக்காக்குத் தெரியவா போவுது?”

“எனக்குத் தெரியும்ல?” என்றார் லீடர்.

நானும் லீடரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். ஸ்கூட்டருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற இடம். அவர் லைன் லீடர். முப்பது பேர் நிற்கிற ஒரு வரிசை அவர் பொறுப்பில் ஓடுகிறது. அதனால் விளையாட்டிலும் அவரை லீடர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நான் குவாலிட்டியில் இருக்கிறேன். வருகிற பாகத்தை அளந்து, சரி, சரியில்லை என்று பிரிப்பது என் வேலை. ஆனேக்கல்காரன் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையன், வேறு கம்பெனி. தினமும் பைக்கில் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து போகிறவன். வீட்டில் கன்னடம், சூப்பர்வைசரிடம் தெலுங்கு, எங்களிடம் அவனே செய்துகொண்ட ஒரு தமிழ். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அக்கா எங்களுக்குக் கிடைத்தது பழைய விளையாட்டில். அதில் நான்கு பேர் ஓர் அணி. ஆள் குறைந்தால் விளையாட்டே யாரையாவது கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு நாள் நான் ஒரு கிணற்றோரம் அடிபட்டு விழுந்து தவழ்ந்துகொண்டிருந்தேன். மற்ற இருவரும் வெகு தூரத்தில். எங்களுக்குச் சற்றும் அறிமுகமில்லாத அந்த நான்காவது ஆள் ஒரு புகைக்குண்டை வீசி, அந்தப் புகைக்குள்ளேயே ஓடிவந்து, என் பக்கத்தில் மண்டியிட்டது. விழுந்தவரைத் தூக்க ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நொடிகளில் சுட்டால் தூக்குகிறவரும் காலி. என் காதில் ஒரு பெண் குரல் கேட்டது.

“எந்திரி தம்பி, எந்திரி. ஒண்ணும் ஆவல. பதறாத.”

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர்ப் பக்கத்துப் பேச்சு. எனக்கு இருந்த ஆச்சரியத்தில் எழுந்த பிறகும் அசையாமல் நின்றேன்.

“எந்திரிச்சாச்சில்ல? இன்னும் என்னாத்துக்கு நிக்கிற? ஓடு சாமி!”

அன்றைக்கு ஓடியவன்தான். பிறகு விசாரித்தபோது அவர் இருக்கும் ஹாஸ்டல் லீடரின் அறையிலிருந்து நடந்து போகிற தூரம் என்று தெரிந்தது. போன் பாகங்கள் செய்கிற பெரிய கம்பெனியில், ரீவொர்க் மேஜையில் வேலை. வரிசையில் பழுது என்று தள்ளிவிட்ட பாகங்கள் அந்த மேஜைக்கு வரும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, சரிசெய்து, மறுபடி வரிசைக்கே அனுப்ப வேண்டும். சரியாகாது என்று அவர் சொன்னால்தான் அது குப்பை. சீக்கிரத்தில் அப்படிச் சொல்ல மாட்டார் என்று அவர் தோழிகள் கேலி செய்வார்களாம்.

அக்காவுக்குச் சுட வராது. அதை அவரே சொல்வார். சுவரைச் சுட்டு, மரத்தைச் சுட்டு, ஒரு தடவை லீடர் நின்ற ஜீப்பின் டயரையும் சுட்டிருக்கிறார். ஆனால் விழுந்தவர்களைத் தூக்குவதில் அவர் காட்டிய நுணுக்கத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. எதிரி துப்பாக்கியில் குண்டு மாற்றும் சத்தம் கேட்கும் வரை காத்திருப்பார். அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார். பழைய விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் எத்தனை பேரைச் சுட்டோம் என்பதோடு, எத்தனை பேரைத் தூக்கிவிட்டோம் என்றும் இருக்கும். அக்காவின் அந்த எண்ணைப் பார்த்து ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேர். அதில் அக்காதான் மூத்தவர். தூக்கிவிட்ட எண் இருக்கும் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அவர் போனின் முகப்பில் வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான்கரை மணிக்கு அக்கா காதுக்கு வந்தார். “என்ன, எல்லாரும் ஆடி முடிச்சிட்டீங்களா?”

“தொடல அக்கா. லீடரு அரெஸ்ட் பண்ணி வெச்சிருக்காரு,” என்றான் ஆனேக்கல்காரன்.

அக்கா சிரித்தார். நான்கு பேரும் ஒன்றாகத் திறந்தோம்.

முதலில் நாங்கள் பார்த்தது மழை. பழைய விளையாட்டைச் செய்த அதே பெங்களூர் கம்பெனிதான் இதையும் செய்திருந்தது. ஆனால் இது வேறு தரம். கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பதைப் போலவே உருண்டை உருண்டையாகப் பாறைகள். அவற்றின் மேல் மழை விழுந்து, கோடு கோடாக வழிந்து, பள்ளத்தில் தேங்கியது. தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றால் மழைச் சத்தம் மாறியது. கொஞ்ச நேரம் நாங்கள் சண்டையையே மறந்துவிட்டோம். லீடர் ஒரு பாறையை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து, “ஃபினிஷிங்கப் பாருடா,” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது.

அப்புறம் ஆனேக்கல்காரன் அடிபட்டான்.

“விழுந்துட்டேன் அக்கா, பாறை ஹிந்தே!”

“வர்றேன் இரு, வர்றேன்.” அக்கா புகையை வீசிவிட்டு ஓடுவது என் திரையில் தெரிந்தது. பாறையைச் சுற்றிப் போனார். அங்கே யாரும் இல்லை. ஆனேக்கல்காரனின் துப்பாக்கியும் பையும் மட்டும் ஈரத்தில் கிடந்தன.

“எங்கடா இருக்க?”

“நான் வெளிய வந்துட்டேன் அக்கா. ஏதோ சோப்பு விளம்பரம் ஓடுது.”

“தூக்குற பட்டன் எங்க? இதுல எங்க வெச்சிருக்கான்?”

நாங்கள் தேடினோம். அமைப்புகள் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பொத்தான் இல்லை. புது விளையாட்டில் விழுந்தால் விழுந்ததுதான். நேராக வெளியே. வெளியே வந்தவருக்கு ஒரு விளம்பரம், அதன் கீழே ‘அடுத்த ஆட்டம்’ என்று ஒரு பச்சைக் கட்டம். கூட வந்தவர்கள் உள்ளே இருக்கிறார்களா, செத்தார்களா என்று அவர் பார்க்கக்கூட வழியில்லை. ஆட்டம் முடிந்ததும் முன்பெல்லாம் நான்கு பேரும் தோளோடு தோள் நிற்பது போல் ஒரு படம் வரும். இப்போது அதிகம் சுட்டவர் மட்டும் பெரிதாக நின்றார். மற்றவர்களின் பெயர்கள் அவர் காலடியில் சிறிய எழுத்தில் வந்தன. அன்று நின்றது லீடர். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அக்கா தன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். 

“தூக்குனது எத்தனைன்னு ஒரு கணக்கு இருந்துச்சில்ல, அதையே எடுத்துட்டாங்க தம்பி,” என்றார் என்னிடம். “அப்ப இதுல எனக்கு என்ன வேல? சுடவும் தெரியாது. உங்க மூணு பேரு பின்னாடி சும்மா ஓடியாரதா? நல்லா சுடுற ஆளா ஒண்ணு பாத்துச் சேத்துக்கோங்க. நான் வெலகிக்கறேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் லீடர் எதிர்த்துப் பேசியிருப்பார். அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பழுது என்று தீர்மானித்த பாகத்தைத் தனியே எடுத்து வைக்கிற குரலில் சொன்னார். அக்கா இல்லாத அணியை எனக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாங்கள் நான்கு பேரும் மூன்று கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். அந்த விளையாட்டை விட்டால் நான்கு பேரும் ஒன்றுசேர எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

“யாரும் வெலக வேணாம்,” என்றார் லீடர். “நல்ல மெட்டீரியலு, நல்ல ஃபினிஷிங்கு. அசெம்பிளில ஒரு பார்ட்ட விட்டுட்டாங்க. சொன்னாப் போட்ருவாங்க. கம்ப்ளெய்ன்ட் குடுப்போம்.”

புது விளையாட்டைப் பற்றி அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். தரவிறக்கம் செய்கிற பக்கத்துக்குக் கீழே ஒரே வசை. ஒருவர் செய்தவர்களின் பரம்பரையையே இழுத்திருந்தார். ‘பழசைத் திருப்பிக் கொடு’ என்று ஒருவர் நாற்பது வரி ஒரே வாக்கியத்தை ஒட்டியிருந்தார். ஆனேக்கல்காரன் சந்தோஷமாக ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். லீடர் கை அமர்த்தினார்.

“இதெல்லாம் திட்டு. கம்ப்ளெய்ன்ட் வேற. எந்த எடத்துல பழுது, எப்ப வருது, வந்தா யாருக்கு என்ன நஷ்டம், என்ன செஞ்சா சரியாவும். நாலும் இருந்தாத்தான் எதிர்ல இருக்கறவன் வேல செய்ய முடியும். டேய் தம்பி, நீ எழுது.”

நான்தான் எழுத வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கிருஷ்ணகிரி மாங்கூழ் கம்பெனிகளில் சீசனுக்கு லோடு இறக்குகிறவர். ஊரில் வங்கித் தாளோ மருந்துச் சீட்டோ எது வந்தாலும் எனக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் எழுதுகிறவன் நான்தான் என்று ஆயிற்று. கம்பெனியில் எழுதுவது போலவே ஆங்கிலத்தில் எழுதினேன். ஏன் வந்தது, அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடிக் காரணத்துக்குப் போகிற முறை எங்களுக்குப் பழக்கம். அப்படியே கேட்டுப் பதில் எழுதினோம். லீடர் ஒரு வார்த்தையில் கூடக் கடுமை வரவிடவில்லை. மழை நன்றாக இருக்கிறது என்று முதல் வரியிலேயே போடச் சொன்னார். விளையாட்டுக்குள்ளேயே கருத்து அனுப்ப இருந்த இடத்தில் போட்டு அனுப்பினோம்.

உடனே பதில் வந்தது. ‘உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. தொடர்ந்து விளையாடுங்கள்!’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சி.

“பாத்தியா, வந்துட்டான்,” என்றார் லீடர் திருப்தியாக. “நாளைக்கு ஆள் அனுப்புவாங்க, இல்ல போன் பண்ணுவாங்க.”

இதைக் கேட்டு வேறு ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. எங்கள் பிரேக் பாகத்தை வாங்குகிற வண்டிக் கம்பெனியில் ஒரே ஒரு பாகம் பழுது என்று போன் வந்தால் போதும். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஆள் அவர்கள் கேட்டில் நிற்க வேண்டும். அந்தப் பாகத்தை நேரில் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, என்ன செய்யப் போகிறோம், எந்தத் தேதிக்குள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நானே அப்படிப் பல கேட்டுகளில் நின்றிருக்கிறேன். ஓசூரில் வாங்குகிறவன், செய்கிறவன் என்றால் உறவு அதுதான். இந்த விளையாட்டில் நாங்கள் வாங்குகிறவர்கள். அதனால் செய்தவர்கள் வருவார்கள் என்று மனதார நம்பினோம். வரிசையில் நின்று வேலை செய்யும்போது லீடர் இரண்டு முறை என்னிடம் வந்து, “போன் வந்துச்சா?” என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க வரவில்லை.

“வரலன்னா?” என்று கேட்டேன்.

“சப்ளையர் வரலன்னா கஸ்டமர் என்ன செய்வான்? பழுதான பீஸ எடுத்துக்கிட்டு அவன் எடத்துக்கே போவான். பெங்களூர் எவ்வளவு தூரம்? பஸ் ஏறுனா போய் எறங்கிரலாம்.”

போவதென்றால் வேலை நாளில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆபீஸ் இருக்காது. ஆனேக்கல்காரனுக்கு வார விடுப்பு மாறி மாறி வரும்; அந்த வாரம் புதன்கிழமை. மற்ற எங்கள் மூன்று பேருக்கும் லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். இதைச் சொன்னதும் அக்கா வேண்டாம் என்று மறுத்தார்.

“எனக்காவ நீங்க என்னாத்துக்குக் காச வுடறீங்க? ஒரு வெளையாட்டுக்குப் போயி.”

“உனக்காவ யாரும்மா போறா?” என்றார் லீடர். “நான் விழுந்தா என்ன யாரு தூக்குவா? எனக்காவத்தான் போறேன். நீயும் வந்து பழுது எங்கன்னு காட்டணும்.”

ஹாஸ்டல் வார்டன் வெளியே போக அனுமதிச் சீட்டு தர என்ன காரணம் என்று கேட்டாராம். அக்காவுக்குப் பொய் வராது. ‘கேம் கம்பெனியில கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறேன்’ என்றிருக்கிறார். வார்டன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இண்டர்வியூன்னு எழுதிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டாராம்.

புதன்கிழமை காலை ஓசூர் பேருந்து நிலையத்தில்தான் அக்காவை நான் முதல்முதலாக நேரில் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கண்ணாடி அழுத்திய தடம். நான் நினைத்ததைவிடக் குள்ளம். “நீதான் கெணத்துமேட்டுத் தம்பியா? கொரலுக்கு ஆளு ஒல்லி,” என்றார். லீடர் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல வந்திருந்தார். அவர் போனில் ஒரு சிவப்பு அட்டை நூலால் கட்டித் தொங்கியது.

“இது என்னண்ணா?” என்றேன்.

“பழுதான பீஸுக்கு செவப்பு டேக் போடணுமா வேணாமா? நீதானடா குவாலிட்டி?”

ஆனேக்கல்காரன் பேருந்தில், பெங்களூரின் சில்க் போர்டு நிறுத்தம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

ஆபீஸ் என்று நாங்கள் நினைத்திருந்தது கேட்டும், தோட்டமும், பெயர்ப் பலகையுமாக ஒரு கட்டடம். இருந்ததோ பல கம்பெனிகள் ஒன்றாகக் குடியிருக்கிற ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. கீழே செக்யூரிட்டி எங்களை நிறுத்தினார். அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா, யாரைப் பார்க்க வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். லீடர் நெஞ்சை நிமிர்த்தி, “கஸ்டமர்,” என்றார். செக்யூரிட்டி சிவப்பு அட்டையைப் பார்த்தார். டெலிவரி என்று நினைத்து ஒரு மேஜையைக் காட்டினார். பிறகு ஆனேக்கல்காரன் முன்னால் போய், கன்னடத்தில் நிதானமாக, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் விளக்கினான். மழையில் ஆரம்பித்து, பாறை, பொத்தான், சோப்பு விளம்பரம் வரைக்கும். செக்யூரிட்டி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, தன் பையனும் அதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். மேலே போன் போட்டார்.

யாரும் இறங்கி வர மாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பெண் இறங்கி வந்தார். முப்பதுக்குள் வயது, கையில் லேப்டாப். விளையாட்டின் அமைப்பைத் தீர்மானிக்கிறவர்களில் அவரும் ஒருவர். எங்கள் பேச்சைக் கேட்டதும், “தமிழுங்களா? நான் கோயமுத்தூருங்க,” என்றார். மேலே கூட்டிப்போக அனுமதி இல்லையாம். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு அழைத்துப்போனார். லீடர் எழுந்து நின்று, சிவப்பு அட்டை கட்டிய போனை இரண்டு கையாலும் நீட்டினார். அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் படித்தார். பாகத்தின் பெயர், பழுது, பார்த்த நாள், பார்த்தவர் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்த இடம் அது.

“மழ ரொம்ப நல்லாருக்குதுங்க,” என்றார் அக்கா, பேச்சை ஆரம்பிக்க.

“அதுங்களா? எங்க ஆபீஸ் மொட்ட மாடில தகரத்தப் போட்டு நாங்களே ரெக்கார்ட் பண்ணுனதுங்க,” என்று முகம் மலர்ந்தார் அந்தப் பெண். பிறகு பொத்தான் விஷயத்துக்கு வந்தார். மறைக்காமல் சொன்னார். பழைய விளையாட்டில் விழுந்தவர்கள் தரையில் தவழ்ந்துகொண்டு காத்திருக்கும் நேரத்தில்தான் அதிகம் பேர் விளையாட்டை மூடிவிட்டுப் போகிறார்கள். ஆட்டமும் நீண்டுவிடுகிறது, மலிவு போன்கள் சூடாகி நின்றுவிடுகின்றன. அதனால் அந்தக் காத்திருப்பையே எடுத்துவிட்டார்களாம். விழுந்தவர் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாம்.

லீடர் தலையாட்டினார். “லைன் வேகம். புரியுது. எங்களுக்கும் மேல இருந்து அதத்தான் சொல்றாங்க.”

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “யாரும் தூக்க வரலன்னா மூடிட்டுத்தான் போவாங்க. வர்றாங்கன்னு தெரிஞ்சா போவாங்களாங்க?”

அந்தப் பெண் அக்காவின் போனைப் பார்த்தார். “நீங்க எப்படி ஆடறீங்கன்னு பாக்கலாங்களா?” என்று கேட்டார்.

டீக்கடை பெஞ்சிலேயே நான்கு பேரும் உட்கார்ந்து பழைய விளையாட்டைத் திறந்தோம். அவர் அக்காவின் பின்னால் நின்றுகொண்டார். அன்றைக்கு நான் விழுந்தது வேண்டுமென்றே அல்ல. பதற்றத்தில் நிஜமாகவே விழுந்தேன். ஒரு பாலத்தின் நடுவில், ஒளிய இடமே இல்லாத இடத்தில். “பாலத்துலயா போய் விழுவ?” என்று திட்டிக்கொண்டே அக்கா வந்தார். ஆனால் நேராக வரவில்லை. ஆனேக்கல்காரனை மேட்டிலிருந்து ஒரு முறை சுடச் சொன்னார், சத்தத்துக்காக மட்டும். எதிரிகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். லீடரைப் பாலத்தின் மறுமுனையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். தன் கையில் இருந்த ஒரே புகைக்குண்டை எனக்கு முன்னால் போடாமல், என்னைத் தாண்டித் தள்ளிப் போட்டார். புகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் இருப்பான் என்று எதிரிகள் அதையே சுட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா புகையில்லாத இந்தப் பக்கமாகத் தவழ்ந்து வந்து என்னைத் தூக்கிவிட்டார். நாங்கள் நான்கு பேரும் ஜீப்பில் ஏறிப் போனோம். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. நான் எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்று, ஒரு புதியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த பட்டனப் பழைய கேமுல வெச்சதுல நானும் இருந்தேனுங்க்கா,” என்றார் அந்தப் பெண். “ஆனா இப்படி ஆடுவாங்கன்னு நான் பாத்ததே இல்லீங்க. எங்களுக்கு வர்றது வெறும் கிராஃபுதானுங்க.”

அவர் அக்காவிடம் எதிரி குண்டு மாற்றுவதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அவர் எல்லாவற்றையும் லேப்டாப்பில் குறித்துக்கொண்டார். லீடர் மட்டும் வேலையில் கண்ணாக இருந்தார்.

“சரிம்மா. எந்தத் தேதிக்குள்ள சரியாவும்?”

“அப்படித் தேதி சொல்ற வழக்கம் இங்க இல்லீங்கண்ணா. நான் மேல பேசறேன். பட்டன் திரும்பி வரும்னு வாக்குக் குடுத்தா அது பொய்யிங்க.” கொஞ்சம் தயங்கி, இன்னொன்றையும் சொன்னார். புது விளையாட்டு நிலைத்ததும் பழையதை மூடிவிடப் போகிறார்களாம். “உங்ககிட்ட மறைக்க மனசு வரலீங்க.”

டீக்கு அவர் காசு கொடுக்கப் போனார். லீடர் விடவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

“நல்ல பொண்ணு. பாவம், அவங்க கையில என்ன இருக்குது,” என்றார் அக்கா. “ஒரு நாள் பாத்துக்கிட்டோம்ல, அது போதும். பழச மூடற வரைக்கும் ஆடுவோம். அப்புறம் நான் நிப்பாட்டிக்கறேன் தம்பி.”

கம்பியைப் பிடித்து நின்றிருந்த லீடர் குனிந்தார். “ஏம்மா, எங்க லைனுக்கு மேல ஒரு மஞ்சக் கயிறு போவுது. யாருக்காவது ஒரு பீஸு சரியில்லன்னா அவங்க இழுக்கலாம். இழுத்தா மொத்த லைனும் நிக்கும். முப்பது பேரும் நிப்பாங்க. நேத்து சேந்த பொண்ணு இழுத்தாலும் நிப்பாங்க. ஏன் இழுத்தன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உங்க கம்பெனிலயும் இருக்குமே?”

“இருக்குது. அதுக்கென்ன?”

“புது கேமுல அதப் போடுவோம். நாலுல ஒருத்தர் விழுந்தா மத்த மூணு பேரும் அப்பவே வெளிய வந்துடறது. நாலு பேரும் சேந்து மறுபடி உள்ள போறது. பட்டன் இல்லன்னா என்ன, அவன் போன எடத்துக்கு நாம போறோம். எப்ப வெளிய வரணும்னு நீ சொல்லு. உன் வேல அது.”

“பாதில வெளிய வந்தா பாயிண்ட்டக் கொறைப்பான் லீடரே,” என்றான் ஆனேக்கல்காரன். “ரேங்க்கு பாதாளம் போவும். நீங்க தங்கத்துல இருக்கீங்க!”

“தங்கத்த வெச்சு என்ன பண்றது? சேட்டுக் கடையில வெக்கவா முடியும்?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்திப்பள்ளி தாண்டியதும், “அப்ப மொத மேட்ச் நாளைக்கு. யாரும் லேட்டா வரக் கூடாது,” என்றார்.

அடுத்த நாள் மழைப் பாறைகளுக்கு நடுவே ஆனேக்கல்காரன்தான் முதலில் விழுந்தான். “நிப்பாட்டு!” என்றார் அக்கா. மூன்று பேரும் அந்த நொடியே வெளியே வந்தோம். அப்போது லீடர் எதிரி ஒருவனை நெற்றிப்பொட்டில் குறிவைத்திருந்தார். விரலை எடுத்துவிட்டு வந்தார். அந்த வாரம் அவர் தங்கத்திலிருந்து வெள்ளிக்கும், வெள்ளியிலிருந்து வெண்கலத்துக்கும், அதற்கும் கீழே பெயரே இல்லாத ஒரு தட்டுக்கும் இறங்கினார். எதிரே ஆடியவர்கள் எங்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று எழுதினார்கள். ஆனேக்கல்காரன் மூன்று மொழிகளில் பதில் எழுதினான். லீடர் ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. அவருடன் வேலை செய்கிறேன் என்று அந்த வாரம் ஊரில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பாவுக்கு விளையாட்டு புரியவில்லை. ஆள் நல்ல ஆள் என்பது புரிந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு அப்டேட் வந்தது. பொத்தான் வரவில்லை. ஆனால் விழுந்தவருக்குச் சோப்பு விளம்பரம் வருவதில்லை. விரும்பினால் உள்ளேயே இருந்து மற்றவர்களைப் பார்க்கலாம், பேசலாம். எங்களால்தான் வந்ததா என்று தெரியாது. நாங்கள் எங்கள் வழக்கத்தை மாற்றவில்லை. இன்றும் யாராவது விழுந்தால் அக்கா குரல் கொடுக்கிறார், நான்கு பேரும் வெளியே வருகிறோம்.

பெங்களூர் போன அந்த மாதத்துக்கான சம்பளம் வந்த அன்று நால்வரும் காதில் இருந்தோம். எனக்கும் லீடருக்கும் அக்காவுக்கும் அட்டெண்டன்ஸ் போனஸ் இல்லை. ரேங்க் இறங்கியதில், ரேங்க் ஏற ஏறப் பரிசு தரும் என்று ஆளுக்கொன்றாகக் காசு கொடுத்து விளையாட்டில் வாங்கியிருந்த சீசன் பாஸும் வீணாகப் போயிருந்தது. பஸ், ஆட்டோ, டீ வேறு.

“மொத்தம் எவ்வளவு அக்கா போச்சு?” என்றான் ஆனேக்கல்காரன்.

அக்கா வாய்க்குள்ளேயே கூட்டினார். “ஐயாயிரத்து ஐந்நூத்தி எம்பது. போனாப் போவுது, மேட்சத் தெறங்க.”